குறட்டை நின்ற நேரம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கதவு திறந்தே இருக்கட்டும், காற்று வரும். ரேணுகாம்பாள் ஒரு தாழ்ப்பாளைப் போட்ட கதையைச் சொல்கிறேன். நீளமில்லை. உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் பாயை விரித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, தம்பி சகாதேவன் அந்தக் கறுப்பு உருண்டையை வாயில் போட்டுவிட்டிருந்தான். அபின். லாரி கவிழ்ந்து இடுப்பு உடைந்த வருஷத்திலிருந்து அவனுக்கு அது வேண்டும்.

"ஜெயில்ல இது இல்லாமத்தானே இருந்த? இன்னிக்குமாடா?"

"இடுப்பு வலி உடமாட்டேங்குதுக்கா. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து பேசிக்கினு இரேன்."

முன்பெல்லாம் உட்காருவாள். தேரடித் தெரு நாட்டு மருந்துக்கடை அருணகிரி, வெளியில் தெரியாமல், ஆனால் தினமும் ஒரே அளவாக, உளுந்து பருமனுக்குக் கிள்ளிக் கொடுத்த காலம் அது. சகாதேவன் போட்டுக்கொண்டதும் இவள் மல்லாட்டை உரித்தபடி தெருக்கதை பேசுவாள். கண் செருகினால் தோளைத் தட்டுவாள். தனியாக இருக்கப் பயப்படுகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். பிறகு புதுச் சட்டம் வந்தது. அருணகிரி கையை விரித்துவிட்டார். சகாதேவன் லாரி ஸ்டாண்டில் யாரிடமோ வாங்கினான். ஒருநாள் அது வெறும் மண், ஒருநாள் ஆளையே சாய்க்கும். போலீஸ் பிடித்தது. மார்கழியில் வேலூர் ஜெயிலுக்குப் போனவன், பங்குனி பிறந்து நேற்றுத்தான் திரும்பியிருந்தான். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பம்பாயில் வண்டி ஓட்டுகிறான் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"கஸ்தூரிய பொண்ணு பார்க்க வராங்கடா. உன்ன இந்தக் கோலத்துல பார்த்தாங்கன்னா என் பொண்ணு கதி இன்னா?"

"சரி சரி, போ. நான் சத்தம் போடல."

வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

கொல்லைப்பக்கம் மதார் சாகிப் நின்றிருந்தான். சகாதேவனின் லாரியில் கிளீனராக இருந்தவன்; அவனோடு ஜெயிலுக்கும் போய், முன்னமே வந்துவிட்டவன்.

"அண்ணன் வந்துட்டாருன்னாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்க்கா."

"அவனுக்கு எதையாவது கொண்டாந்தியா?"

"இல்லக்கா. சத்தியமா. சொல்லணும், அவ்ளோதான்."

"நாளைக்கு வா மதாரு. சம்பந்தம் பேச வர நேரம். சந்து வழியாவே போயிடு."

கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் வந்தார்கள். பையனின் அப்பா ராஜமாணிக்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பஜ்ஜித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"தாய்மாமன் எங்கம்மா? அவரு இல்லாம பேசறது முறையில்லியே."

"பம்பாயில இருந்து நேத்துதான் வந்தான். ரயிலுல தூக்கமே இல்லியாம். அசந்து தூங்கறான்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பின்னறையிலிருந்து குறட்டை கிளம்பியது. சாதாரணக் குறட்டை இல்லை. அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் இறங்குவதுபோலக் கொரகொரவென்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

"பம்பாய் மெயிலு இன்னும் ஓடிக்கினுதான் இருக்குது போல" என்றார் ராஜமாணிக்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். குனிந்த தலையோடு கஸ்தூரியும் சிரித்துவிட்டாள். ரேணுகாம்பாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். பாட்டுக்கு நடுவிலும் அது கேட்டது. "இன்னும் ரெண்டு பஜ்ஜி வெச்சுக்கோங்க" என்று தட்டு தட்டாக நீட்டினாள். பரிசம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது குறட்டை நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அருணாசலா என்று மனசுக்குள் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து, மிச்சம் எடுத்து வைத்திருந்த பஜ்ஜியோடு தாழ்ப்பாளைத் திறந்தாள். நாவற்பழம் தின்றவன் போல அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. கை சில்லிட்டிருந்தது.

மாரடைப்பு என்று சொன்னாள். பம்பாயில் ராப்பகலாக வண்டி ஓட்டிய அலுப்பு என்று வந்தவர்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை.

பாடையின் ஒரு முனையை மதார் சாகிப் தூக்கினான். சுடுகாட்டுக்குப் போய் எல்லோரும் திரும்பியபிறகு, தலை ஈரம் காயாமல் சந்துப்பக்கமாக வந்து நின்றான். இவன் எங்கே வாயைத் திறந்துவிடுவானோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தவள் அவசரமாக வெளியே போனாள்.

"குறட்டை விட்டாராக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"உள்ள இருந்து வந்தா பழைய அளவு உடம்பு தாங்காதுக்கா. என்னோட வெளிய வந்த பையன் ஒருத்தன் அப்படித்தான் போனான். கால்வாசி போதும், பக்கத்துல ஆள் இருக்கணும், குறட்டை ஒரு மாதிரியா கேட்டா உலுக்கி எழுப்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். அதத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன்."

ரேணுகாம்பாள் முந்தானையின் நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"இல்லியே மதாரு. சத்தமே வரல."

அவன் தலை ஈரத்தை உள்ளங்கையால் வழித்தான். "அப்போ கஷ்டப்படாமத்தான் போயிருக்காரு" என்றான். சொல்லிவிட்டுச் சந்து வழியாகவே போனான்.

காரியத்துக்கு ராஜமாணிக்கம் வந்திருந்தார். சம்பந்தம் கலையவில்லை. நல்ல மனுஷர், வருஷம் திரும்பட்டும், பிறகு முடித்துக்கொள்ளலாம் என்றார். சாப்பாடு முடிந்து அதே நாற்காலியில் சாய்ந்தவர் வெயில் அசதியில் அப்படியே தூங்கிப்போனார். வாய் திறந்துகொண்டது. குறட்டை வந்தது.

உள்ளே எச்சில் இலைகளை மடித்துக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். சம்பந்தியாகப் போகிறவர் என்றில்லை, ஆண்பிள்ளை என்றில்லை. இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். விடாமல் உலுக்கினாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று விழித்துக்கொண்டார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க. காபி ஆறிடும், அதான்."

கஸ்தூரி அம்மாவின் கைகளைப் பார்த்தாள். அவற்றில் காபி இல்லை.

போய்ச் சாப்பிடுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் தூங்கப் போனவர்கள் எல்லாரும் காலையில் எழுந்து வந்து காபி கேட்கட்டும். உங்கள் வீட்டு அறை எதற்கும் வெளியே தாழ்ப்பாள் போடும்படி ஆகாமல் இருக்கட்டும்.