வடக்கிலிருந்து எண்ணிய கோணம்

சர்வே ஆபீசில் சின்னவளின் மேஜையில் சர்வேயர் போட்டுவிட்டுப் போன தாளின் தலைப்பில், 'கோணங்கள் அனைத்தும் வடக்கிலிருந்து' என்று ஒரு வரி இருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படித்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புதுச் சாலையின் வளைவுக்கு உரிய சமன்பாடு அதேதான்: r = 480 cos θ. மூன்று வாரத்துக்கு முன்னால், ரோடு வீட்டின் மேலேயே வரப்போகிறதாம் என்று அக்கா போனில் அழுத அன்று, சின்னவள் ஆபீஸ் தாளிலிருந்து இந்தச் சமன்பாட்டை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு ஓடினாள். தலைப்பைப் பார்க்கவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, காலேஜில் உருப்போட்டபடி கோணத்தைக் கிழக்கிலிருந்து எண்ணினாள். இரண்டு பக்கத்தையும் r-ஆல் பெருக்கினால் r² என்பது x² + y², r cos θ என்பது x. ஆக, x² + y² = 480x. சர்வே கல்லிலிருந்து கோணமும் தூரமுமாக இருந்த ரோடு, கிழக்கே இத்தனை வடக்கே இத்தனை என்று சொல்லக்கூடிய ரோடாகிவிட்டது. அக்கா வீடு அந்தக் கல்லிலிருந்து கிழக்கே 144 மீட்டர், வடக்கே 432. வளைவு அதைவிட்டு இருநூறு மீட்டர் தள்ளிப் போனது.

"உன் வீட்டு நிழலக்கூடத் தொடாதுக்கா," என்றாள்.

அக்கா, தான் எழுதி வைத்திருந்த ஆட்சேபணை மனுவை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். பக்கவாதத்தில் விழுந்த அத்தான், வாயின் வேலை செய்கிற பாதியால் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

சர்வேக்காரர்கள் கோணத்தை வடக்கிலிருந்துதான் எண்ணுவார்கள். பதின்மூன்று வருஷமாக சர்வே வரைபடம் போடுகிறவளுக்கு இது தெரியாதா? புதிதாக வருகிறவர்கள் இதில் இடறினால் வாய் ஓயாமல் கேலி செய்வதே அவள்தான். வேறு யார் வீடாக இருந்தாலும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்திருப்பாள். நல்ல விடை வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள், பாவி.

வடக்கிலிருந்து எண்ணினால் r cos θ என்பது x அல்ல, y. x² + y² = 480y. இடது பக்கம் 144-இன் வர்க்கமும் 432-இன் வர்க்கமும் சேர்ந்து 2,07,360. வலது பக்கம் 480-ஐ 432-ஆல் பெருக்கினாள். 2,07,360. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும். இன்றைக்கு அவள் இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தாள்.

எழுந்து போய், ஆட்சேபணைக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று சர்வேயரிடம் கேட்டாள்.

"முந்தாநாளோட முடிஞ்சு போச்சேம்மா. ஏன், தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார்," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. சாயங்காலமே போய் இடிக்கவேண்டிய வீட்டுச் சுவர்களில் குறி போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் வெளியே போனார்.

இடத்துக்கு வந்து உட்காரவும் போன் அடித்தது. அக்கா. வாசல்படியை இடித்துவிட்டு, சக்கர நாற்காலி இறங்குவதற்குச் சரிவு கட்டுகிறாளாம். மேஸ்திரி சிமெண்ட் கலந்துவிட்டாராம்.

"எந்தப் பக்கமா எறக்கட்டும், சொல்லு. ஒங்க அத்தான் தெருவப் பாத்த மாதிரிதான் வேணும்னு கையக் கையக் காட்டுறாரு. நீ கணக்குப் போட்டுச் சொன்னா சரியா இருக்கும்."

சின்னவள் தாளில் அக்கா வீடு இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியின் மேலேயே ரோட்டின் கோடு போய்க்கொண்டிருந்தது. போனுக்குள் கரண்டி சிமெண்டை வழிக்கிற சத்தம் கேட்டது.

"இருக்கியாடி?" என்றாள் அக்கா.

ஜன்னலுக்கு வெளியே சர்வேயர் குந்தி உட்கார்ந்து, சிவப்பு பெயிண்ட் டப்பாவின் மூடியை ஓர் ஆணியால் நெம்பிக்கொண்டிருந்தார்.