விஷால் ஓ.எஸ். வெளியீட்டு விழா

உத்தமபாளையத்துப் பள்ளிக்கூட வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் இவாஞ்சலினுக்கு வயிறு எரிந்தது. 'பள்ளிகளுக்கான இலவசத் தமிழ் இயங்குதளம், விஷால் ஓ.எஸ்.' பக்கத்திலேயே ஆளுயர விஷால், கூலிங் கிளாஸோடு.

பழைய கணினியிலும் ஓடுகிற அந்த இயங்குதளத்துக்காக நாலு வருடம் வீட்டிலேயே அடைந்துகிடந்து உழைத்தவள் அவள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸை எடுத்து, தமிழ் மெனு, தட்டச்சு, மதிப்பெண் பட்டியல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அல்லிநகரத்து விஷால் வந்து சேர்ந்ததே போன தை மாதம்தான். கணினியைத் திறந்ததும் வரும் படம் ஒன்றைச் செய்தான். பிறகு பென் டிரைவும் கையுமாகப் பள்ளி பள்ளியாகப் போய்ப் போட்டுக்கொடுத்தான். முகம் தெரிந்தவன் பேரே நின்றுவிட்டது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

வாசலுக்கு வந்தவனை மறித்தாள். "ஏலே விஷாலு, என் பேரு எங்கனடா?"

"ஃபைலுக்குள்ள பத்திரமா இருக்குக்கா. எழுதுனவுக பேரை எடுக்கக் கூடாதுன்னு லைசென்ஸ்ல இருக்கு, அதுல நான் கையே வைக்கல."

"அதை எவன்டா திறந்து பாக்கப்போறான்? ரெண்டு பேரையும் போடு."

விஷால் சிரித்தான். "லினக்ஸுங்கிறது உள்ள இருக்குற ஒரு பகுதிதான். மத்ததை எழுதுனவுக க்னூன்னு பேரு வச்சாக. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்கன்னு இன்னும் சண்டை போடுறாக. நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். என்னைக்காவது நீங்க க்னூவைச் சேத்துச் சொல்லியிருக்கீகளாக்கா?"

உண்மையைச் சொல்லி மடக்குகிறவனை எதைக் கொண்டு அடிப்பது?

மனம் இரங்கினானோ, சமாளித்தானோ, "நன்றியுரை நீங்களே சொல்லிருங்கக்கா" என்று ஒரு தாளை நீட்டினான்.

நம்மூர் நன்றியுரையைப் பற்றித்தான் தெரியுமே. பந்தல்காரர் முதல் டீ கொடுத்தவர் வரை ஒருவர் விடாமல் பேர் வரும். வாசிக்கிறவர் பேர் மட்டும் வராது. மைக்கிலும் விஷால், "அடுத்து நன்றி கூற நம் சகோதரி" என்றுதான் அழைத்தான். ஒரு பேரைச் சொன்னால் வாயா வெந்துபோகும்?

மைக் செட், நாற்காலி, சமோசா எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி முடித்து, தாளை மடித்தாள். கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விடவில்லை. "கடைசியாக, நாலு வருடம் உட்கார்ந்து இதை உருவாக்கிய இவாஞ்சலினுக்கும் நன்றி."

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. எல்லாரும் தட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் திரும்பித் திரும்பித் தேடினார்கள்.

மேடையிலிருந்து இறங்கியவளின் கையைத் தலைமையாசிரியை சொர்ணலதா வாஞ்சையோடு பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் பேசுனம்மா. ஆமா, அந்தப் பிள்ளை இன்னைக்கு வரலையா?"