மூன்றாம் எண்

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு சியோலில் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் முச்சந்தியில் பேனர் கட்டாமல் யாருக்கும் தூக்கம் வராது. வட்டாரம் முழுக்க அந்தப் பேனர்களை அடித்துக் கொடுப்பவள் நான்தான். பெயர் ஒக்-ரான். கடை சந்தைத் தெருவில், வீடு சோட்கோல் கிராமத்தில். இருபத்திரண்டு வருடத்தில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு அடித்திருக்கிறேன். அதில் ஒருத்தி நீதிபதி. ஒருவன் பூசானில் டாக்ஸி ஓட்டுகிறான், போன வருடம் என்னை ஏற்றிக்கொண்டு வழி நெடுகப் பாடினான், நன்றாகவே பாடினான். இரண்டு பேர் பொரித்த கோழிக் கடை வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு கடைக் கோழியை வாயில் வைக்க முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பதால் என்ன கிடைக்கும் என்று என்னிடம் கேட்டால், பேனர் பதினொரு நாள் தாங்கும், அப்புறம் காற்று கிழித்துவிடும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பேன்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு நாள் காலை, நான் வாயில் பல்துலக்கியோடு நிற்கும்போது ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் ஊர்த்தலைவர் தாக் பில்-தோவின் குரல். உரம் வந்திருக்கிறது, தண்ணீர் வராது என்றுதான் வழக்கமாகப் பேசுவார். அன்று குரல் உடைந்திருந்தது.

"ஆ... ஆ... கேக்குதா? ஊர்க்காரங்களே, எம் பொண்ணு சே-ரோம் சியோல்ல பாஸாயிட்டா. சும்மா பாஸ் இல்ல. மூணாவது! அடுத்த வியாழக்கெழம ஊர்க் கூடத்துல பன்னி அடிக்கிறேன். யார் வீட்லயும் அடுப்பு எரியக் கூடாது, சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் அழுததையும் ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஓடையைத் தாண்டி இருக்கும் வொல்சான் ஊர்த்தலைவர் கூ, தன் மகன் சியோலில் படித்த கதையைப் பத்து வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் இவர் காதில் ஓதிக்கொண்டிருந்தார். "யோவ் பில்-தோ, உங்க ஊர்லேருந்து சியோலுக்குப் போறது மாடு மட்டும்தானா?" என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தாக் அண்ணனுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் மூச்சு.

மத்தியானத்துக்குள் பேனர் அடித்து முச்சந்தியில் கட்டிவிட்டேன். 'சோட்கோல் தாக் சே-ரோம், சியோலில் மூன்றாம் இடம்! வாழ்த்துகள்!' சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம். கூ தன் வீட்டு வாசலிலிருந்தே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து. அதைக் கேட்டு வாங்கியவரும் தாக் அண்ணன்தான்.

சாயங்காலம் சே-ரோம் கடைக்குள் வந்தாள். மாட்டுத் தொழுவத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், ரப்பர் பூட்ஸில் வைக்கோல் ஒட்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு முதுகை அதில் வைத்து நின்றாள்.

"அத்தை, அந்தப் பேனர அவுத்துடுங்க."

"ஏண்டி? எழுத்துப் பிழையா?"

"நான் மூணாவது இல்ல. காத்திருப்புப் பட்டியல்ல மூணாவது."

பல்கலைக்கழகப் பக்கத்தைத் தன் போனில் திறந்து காட்டினாள். 'தேர்வு' என்றும் '3' என்றும் கொட்டை எழுத்து. அதற்கு மேலே எறும்பு ஊர்வதுபோல 'காத்திருப்போர்' என்று இருந்தது. அப்பா கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறார். இவள் கன்றுக்குப் பால் காட்டிக்கொண்டிருந்தபோதே ஒலிபெருக்கிக்கு ஓடிவிட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? அழுதுட்டு வந்து என்னக் கட்டிப் புடிச்சாரு. எனக்குத் தெரிஞ்சு அவரு என்னக் கட்டிப் புடிச்சதே இல்ல."

ஆறுதலுக்கு வாயைத் திறந்தேன். "மூணு பேருதானே? அவனுங்க வேற எடம் போயிட்டா உனக்குக் கெடச்சிடும். வாய மூடிட்டு இரு."

"கெடைக்கக் கூடாது அத்தை!" என்று கத்தினாள். "அதான் பயமே. ஜின்ஜுல கால்நடை மருத்துவம் கெடச்சு, சேர்ந்தும் ஆச்சு. அப்பா அத ஏதோ டவுன் பஸ் மாதிரி நெனைக்கிறாரு, பெரிய வண்டி வர்ற வரைக்கும் ஏறி உக்கார்றதுக்கு. சியோல் கெடைக்கலன்னா இன்னொரு வருஷம் கோச்சிங் போட்டுத் திரும்ப எழுதச் சொல்லுவாரு. கெடச்சிட்டா பானை ஓடு தோண்டணும்."

"என்ன ஓடு?"

"தொல்லியல். அங்க எதுல சேர்ந்தாலும் சரி, அந்த வாசல்ல நொழஞ்சா போதும்னாரு. என் மார்க்குக்கு அதுதான் எட்டுச்சு."

பதினொரு வயதில் ராத்திரி முழுக்க ஒரு கன்றை மடியில் வைத்துக் காப்பாற்றியவள் இவள். பானை ஓடு தோண்டுவது நல்ல படிப்புதான், ஆசைப்பட்டவர்களுக்கு. எனக்குத் தாக் அண்ணன் மேல் வந்த கோபத்தில் கத்தரிக்கோலை மேசையில் போட்டேன். ஆனாலும் பேனரை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் கூ என்ன சிரிப்பு சிரிப்பார் என்று எனக்கும் தோன்றியதே, அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமில்லை.

பட்டியலில் இடம் காலியானால் பல்கலைக்கழகமே போன் செய்யும். எடுத்தால் அப்போதே சேர்கிறேன் அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மூன்று தடவை எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இந்த நாட்களில் காத்திருப்புப் பட்டியலில் உள்ள பிள்ளைகள் கழிப்பறைக்குக்கூடப் போனோடுதான் போவார்கள். இவள் தன் போனை என் கையில் திணித்தாள்.

"பூஜ்யம் ரெண்டுல ஆரம்பிக்கிற சியோல் நம்பர் வந்தா எடுக்காதீங்க. என்கிட்ட இருந்தா நானே எடுத்துடுவேன். அப்பா மொகம் ஞாபகம் வந்தா எடுத்துடுவேன் அத்தை."

வாங்கி ஏப்ரன் பையில் போட்டேன்.

வியாழக்கிழமை ஊர்க் கூடத்தில் உட்கார இடமில்லை. அவித்த பன்றி இறைச்சி ஆவி பறக்க வந்துகொண்டே இருந்தது, கிம்ச்சி ஒரு பக்கம், கொழுக்கட்டை ஒரு பக்கம். மக்கொல்லி என்கிற வெள்ளை அரிசிக் கள் கெட்டில் கெட்டிலாகக் காலியானது. சே-ரோமின் அம்மா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், கத்தியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தாள். கூவும் வந்திருந்தார், முதல் வரிசையில் உட்கார்ந்து மற்ற எல்லோரையும்விட அதிகமாகத் தின்றார். தாக் அண்ணன் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். அந்த மைக் ஊர் ஒலிபெருக்கியோடு சேர்ந்தது, அவர் பேசினால் ஓடைக்கு அந்தப் பக்கத்து நாய்கூடக் கேட்கும்.

அவர் வரவேற்க ஆரம்பித்தபோது என் ஏப்ரன் பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பூஜ்யம் ரெண்டு. எதிரே கொழுக்கட்டைத் தட்டோடு நின்ற சே-ரோம் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஒரு பெண்ணின் தலையெழுத்து என் பையில் துடிக்கிறது, நானோ வெங்காயத் தாள் நறுக்குகிறேன். எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது. 'அப்பாடா' என்று இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

அப்போது தாக் அண்ணனின் சட்டைப் பையில் மணி அடித்தது.

விண்ணப்பத்தில் இரண்டாவது எண்ணாக அப்பாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறாள், மறந்தும் போயிருக்கிறாள். அவர் மைக்கை அணைக்கவில்லை. காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை எப்போதும் உரக்கக் கேட்கும்படிதான் வைத்திருப்பார். ஊர் முழுக்க ஒரு பெண் குரல் கேட்டது.

"வணக்கம். தாக் சே-ரோமின் பெற்றோரா? சேர்க்கை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்."

"ஆமாம்மா! மூணாவதா வந்த பொண்ணோட அப்பன்தான்!"

"காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவது எண், ஆமாம். தொல்லியல் துறையில் இப்போது ஓர் இடம் காலியாகியிருக்கிறது. சேர விருப்பமா? உடனே சொல்ல வேண்டும்."

கூடத்தில் மெல்லுகிற சத்தம்கூட நின்றது. தாக் அண்ணன் மகளைப் பார்த்தார்.

"நீ மூணாவது இல்லியா?"

"காத்திருப்புல மூணாவதுப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"மொதல்லேருந்து தெரியும்."

அவர் முகம் மக்கொல்லி குடித்த சிவப்பையும் தாண்டிச் சிவந்தது. நான் பயந்தே போனேன். ஆனால் அவர் போனிடம்தான் கேட்டார்.

"ஏம்மா, அது என்ன படிப்பு?"

"தொல்லியல் ஐயா. அகழ்வாய்வு, பழம்பொருள்கள், பானை ஓடுகள்..."

"எம் பொண்ணு பானை ஓட்ட வெச்சி என்ன பண்ணுவா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். போனில் இருந்த பெண் தொண்டையைச் செருமினாள். கூ தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சரி, வாயைத் திறக்கப் போகிறார், நாசமாய்ப் போகிறவர் என்று நினைத்தேன்.

"யோவ் பில்-தோ, சேத்து விட்டுடு," என்றார் கூ. குரலில் கிண்டல் இல்லை. "நான் பீத்துறேன்னு நெனைக்காத. எம் பையன எங்க போனாலும் அந்தப் பேரக் கேட்டுட்டுத்தான் உக்காரச் சொல்றான். அது பொய்யில்ல. சுலபமா கெடைக்கிறதும் இல்ல."

"எனக்கும் தெரியும்யா. பொய்யா இருந்தா இந்நேரம் போன வெச்சிருக்க மாட்டேனா?" என்றார் தாக் அண்ணன். மகள் பக்கம் திரும்பினார். "ஏ, இங்க பாரு. ஊரு கெடக்கட்டும். பன்னி கெடக்கட்டும். உனக்கு என்ன வேணும்?"

சே-ரோம் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "மாடு வேணும்பா," என்றாள்.

அதுவும் மைக்கில் போய்விட்டது. தொழுவத்தில் அவர்கள் மாடு ஒன்று குரல் கொடுத்தது தற்செயல்தான், ஆனால் அன்று யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கூடமே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. தாக் அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் கேட்டார்.

"ஏம்மா, நாங்க வேணாம்னா யாருக்குப் போகும்?"

"நான்காவது எண்ணுக்கு ஐயா."

"அந்தப் புள்ளைக்கு ஓடு தோண்ட ஆசையா?"

"அதையெல்லாம் நாங்கள் சொல்லக் கூடாது." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள், ஒலிபெருக்கி அதையும் ஊருக்குச் சொன்னது. "காலையிலேருந்து ரெண்டு வாட்டி அவங்களே கூப்பிட்டுக் கேட்டாங்க."

"அப்ப அதோட அப்பன் இந்நேரம் போன மடியில வெச்சிட்டு உக்காந்திருப்பான். பன்னிகூட அடிச்சிருக்க மாட்டான், பாவம்." போனை மகளிடம் நீட்டினார். "இத நீயே சொல்லு. உன் வாயால சொல்லு."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நான் சேரவில்லை. நன்றி. நாலாவது எண்ணுக்குச் சீக்கிரம் கூப்பிடுங்க," என்றாள்.

எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கத்தியோடு வந்து நின்றாள். "என்ன பாத்துட்டு இருக்கீங்க? பன்னி மறுபடி எழுந்து நடக்கப் போகுதா? தின்னுங்க!"

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஆட்டம்தான். கூ தாக் அண்ணனின் தோளில் கைபோட்டுப் பாடினார், கேட்கச் சகிக்கவில்லை. நான் போனைத் திருப்பிக் கொடுத்தபோது சே-ரோம் என் விரலை நசுக்கிவிட்டாள்.

மறுநாள் நான் கடை திறப்பதற்குள் தாக் அண்ணன் வாசலில் நின்றார், மூக்கில் கண்ணாடி.

"தங்கச்சி, அந்தப் பேனர எறக்கு. புதுசு அடிக்கணும்."

துண்டுச் சீட்டை நீட்டினார். முதல் வரி நான் எதிர்பார்த்ததுதான். 'சோட்கோல் தாக் சே-ரோம், ஜின்ஜு கால்நடை மருத்துவக் கல்லூரி. வாழ்த்துகள்!' கீழே இன்னொரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு நான் அவரைப் பார்த்தேன்.

"அண்ணே, அந்தப் புள்ள எந்த ஊரோ என்னமோ. நம்ம முச்சந்திக்கு வந்தா படிக்கப் போகுது?"

"வர வேணாம். கூ படிப்பான். நானும் தெனம் படிப்பேன்."

வழக்கமாக இரண்டாவது வரியைச் சின்ன எழுத்தில்தான் போடுவேன். இந்தத் தடவை இரண்டையும் ஒரே அளவில் போட்டேன். கட்டி இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது, ஓரம் நைந்த இடத்தை இரண்டு தடவை நானே போய்த் தைத்துவிட்டு வந்தேன்.

'நான்காம் எண் பிள்ளைக்கும் வாழ்த்துகள். இப்படிக்கு, மூன்றாம் எண்ணின் அப்பா.'