கழற்றிய கம்பி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் வீட்டை விற்றுப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தால் மற்ற இரண்டையும் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தவர் வீட்டை விலைபோக வைப்பதுதான் என் தொழில். ஆள் குடியிருந்த அடையாளமே தெரியக் கூடாது. ஆனால் பார்க்க வருகிறவருக்கு நாளைக்கே இங்கே குடிவந்துவிடலாம் என்று தோன்றவும் வேண்டும். சாமான்களில் பாதியை மூட்டை கட்டுவேன். சுவரிலிருக்கும் குடும்பப் படங்களைக் கழற்றுவேன். வாங்க வந்தவர் அந்தச் சுவரில் தன் குடும்பத்தை மாட்டிப் பார்க்க வேண்டுமே. மங்கலான பல்புகளை மாற்றுவேன். குளியலறையில் யாரும் தொடக்கூடாத வெள்ளைத் துண்டுகளை மூன்றாக மடித்து அடுக்குவேன். சாப்பாட்டு மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் பிளாஸ்டிக் எலுமிச்சம்பழங்கள். இந்தப் பழங்களை எத்தனை வீடுகளில் வைத்து எடுத்தேன் என்று நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது.

இந்த முறை விலைக்கு வந்தது என் மாமனார் வீடு.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு தனியாகத்தான் இருந்தார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று என் கணவர் கரடியாய்க் கத்திப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார், சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், பொழுது சாய்ந்தால் செருப்பைத் தேடுவார். ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்லை. “என் கட்டில்ல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம்” என்பார். வீட்டின் மேல் அவ்வளவு பிரியம் போல என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்படிப்பட்டவர்தான் திடுதிப்பென்று ஒருநாள், வீட்டை விற்றுவிடலாம், முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன், ஓர் அறைகூடச் சொல்லி வைத்தாயிற்று என்றார்.

கணவர் அன்று சாப்பிடவில்லை. பிள்ளை வீடு இருக்கும்போது அப்பா எதற்கு அங்கே போகவேண்டும் என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீம்பில் அப்பாவும் பிள்ளையும் ஒரே அச்சு. பழி எங்கே வந்து விடியும்? நாத்தனார் போன் செய்து, “அண்ணி, உங்களுக்கும் அப்பாவுக்கும் ஏதாவது…” என்று இழுத்தாள். எனக்கும் மாமாவுக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகு சமையலறையில் நின்று அழுதேன். வேண்டாம் என்கிறவரைக் கையைப் பிடித்தா இழுக்க முடியும்? அவருக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஏதாவது ஒரு பதில் சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது?

அந்தக் கோபத்தில்தான், வீட்டைத் தயார் செய்வதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அவர் போகத் துடிக்கிறார் அல்லவா, நல்ல விலைக்கு விற்றே அனுப்பி வைப்போம் என்று.

விற்கிற வரைக்கும் அவர் அந்த வீட்டில்தான் இருந்தாகவேண்டும். இந்தத் தொழிலில் காலி வீடு சுகம். ஆள் இருக்கிற வீடுதான் கஷ்டம். நாம் நேராக்கி வைத்த மெத்தையில் யாராவது உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். மாமனார் அப்படிக்கூடத் தொல்லை தரவில்லை. எங்கே உட்காரலாம் என்று என்னைக் கேட்டுத்தான் உட்கார்ந்தார். மருந்து டப்பாக்களைப் பார்வையில் படாமல் வைக்கச் சொன்னேன், பீரோவுக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளைத் துண்டுகளைத் தொடவேண்டாம் மாமா என்றேன், தன் துண்டைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். ஒரே ஒருமுறை எலுமிச்சம்பழத்தின் மேல் கத்தியை வைத்துவிட்டு, “ரொம்பக் கெட்டியான ஆளா இருக்கே” என்றார். நான் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

தச்சு, குழாய், கரண்ட் என்று எல்லா வேலையும் பார்க்கிற ஒருவர் எனக்கு உண்டு. ஆல்ரவுண்டர் என்று கூப்பிடுவேன். அவரைக் குளியலறைக்கு அழைத்துப்போய், குளிக்கிற இடத்தில் சுவரோடு திருகியிருந்த கைப்பிடிக் கம்பியைக் காட்டினேன். மாமியார் முடியாமல் இருந்த காலத்தில் அவருக்காகப் போட்டது. அவரே போய்ச் சேர்ந்தபின் அதற்கு என்ன வேலை? வாசலிலிருந்து சமையலறை வரை எவ்வளவு அழகு பண்ணினாலும், குளியலறையில் அப்படி ஒரு கம்பி இருந்தால் தீர்ந்தது. இந்த வீட்டில் நோய் இருந்தது, முதுமை இருந்தது என்று அது ஒன்றே சொல்லிக்கொடுத்துவிடும்.

திருகு கழற்றும் கருவியின் சத்தம் கேட்டு மாமனார் எட்டிப் பார்த்தார்.

“அதையும் எடுக்கணுமாம்மா?”

“ஆமா மாமா. அதைப் பார்த்தா வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.”

“ஓ” என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். ஆல்ரவுண்டர் ஓட்டைகளில் பட்டி மாவு வைத்து அடைத்து, மேலே வெள்ளை தடவியதும் மாமனார் கூடத்துக்குப் போய்விட்டார். கம்பியைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் போடச் சொன்னேன். சுவர் புதிதுபோல் இருந்தது. எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

அந்த வார இறுதியில் தரகர் ஒரு கணவன் மனைவியைக் கூட்டி வந்தார். பார்க்கிறவர்கள் வரும் நேரத்தில் வீட்டுக்காரர் இருக்கக் கூடாது என்பது என் சட்டம். மாமனாரோ கால் வலிக்கிறது என்று கூடத்து மூலையிலேயே உட்கார்ந்துவிட்டார். வந்த பெண் கூடத்தில் நுழைந்ததுமே புடவைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு சுவரையும் ஜன்னலையும் பாராட்டினாள், ஆனால் பின்கட்டுவரை போகவேயில்லை. அவர்கள் போனதும் தரகர் என்னைத் தனியே அழைத்தார். “எல்லாம் பிரமாதம் மேடம். ஆனா உள்ள வந்ததும் ஒரு வாடை வருதே, உங்களுக்குத் தெரியலையா?”

எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து மாலைவரை அங்கேயே கிடந்தால் மூக்கு பழகிப்போகும். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அன்று அந்த மூக்குக்கே இழுக்கு வந்துவிட்டது. எத்தனை வீடுகளில் நாய் வாடையையும் சிகரெட் வாடையையும் விரட்டியிருக்கிறேன். சொந்த மாமனார் வீட்டில் தரகர் வந்து சொல்லவேண்டுமா?

மறுநாள் வேட்டையைத் தொடங்கினேன். தொட்டிக் குழாய்களில் சோடா மாவும் வினிகரும் ஊற்றினேன். குளிர்பெட்டியை நகர்த்தினேன், செத்த எலி ஏதும் இல்லை. திரைச்சீலைகளைக் கழற்றி வெளுத்தேன். தலையணைகளை மொட்டை மாடியில் வெயிலில் போட்டேன். பீரோவுக்குப் பின்னால் புகுந்து வெளியே வரும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பரணையும், ஏற்கெனவே முடித்துவிட்ட குளியலறையையும் தவிர எல்லாவற்றையும் தேய்த்தாயிற்று. மாமனார் மூலையில் உட்கார்ந்தபடி, நீ ஏம்மா இவ்வளவு சிரமப்படுறே என்று இரண்டு முறை கேட்டார். ஏதோ வாடை மாமா, பிடிபடவில்லை என்றேன்.

சாயங்காலம் பக்கத்துவீட்டுக்காரர் வந்து அவரை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு நானும் வாசலில் போய்க் காற்று வாங்கினேன். திரும்பி உள்ளே வந்தபோது கூடம் சுத்தமாக இருந்தது. சோப்பு நுரை வாசனை மட்டும்தான். அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்று நாற்காலியில் விழுந்தேன். மாமனார் திரும்பி வந்தார். என்னைக் கடந்து தன் மூலைக்குப் போனார். வாடையும் கூடவே வந்தது.

எனக்கு உடம்பு கூசியது. எப்போதும் சலவைச் சட்டை, கழுத்தில் பவுடர் என்று இருக்கிற மனிதர். நான் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்றாக மடித்த வெள்ளைத் துண்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. தரை ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. மாடத்தில் இருந்த அவருடைய சோப்பு வறண்டு, வெயிலில் கிடந்த களிமண்போல் வெடித்திருந்தது. குளிக்கிற இடத்துக்கு ஓர் உயரமான திட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். நானே தாண்டிப் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கியதும் கை தானாகச் சுவருக்குப் போனது. அங்கே வழவழவென்று வெள்ளைப் பூச்சு இருந்தது.

கம்பியை எடுத்த நாளிலிருந்து அவர் குளிக்கவில்லை. விழுந்துவிடுவோம் என்று பயந்து, அதை வாய்விட்டுச் சொல்லக் கூசி, முகத்தையும் கையையும் மட்டும் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு மருமகளிடம் அதை எப்படிச் சொல்வார்? நான் அவர் வாடையை அவர் கண்ணெதிரே தேடி, வீட்டையே புரட்டிப் போட்டிருக்கிறேன். தேடுவது என்னவென்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தக் காய்ந்த தரையில் நின்றபடி நான் அழுதேன். வெட்கத்தில்தான் அழுதேன்.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து ஆல்ரவுண்டருக்குப் போன் செய்தேன். பரணில் இருந்த கம்பியை நானே ஏறி இறக்கினேன்.

“மாமா, கம்பியைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கேன். இப்ப ஆள் வந்துடும்.”

அவர் தரையைப் பார்த்தார். “வீடு விக்கணுமேம்மா.”

“விக்கலாம் மாமா. குளிச்சிட்டு விக்கலாம்.”

ஒரு நொடி எனக்கே பயமாக இருந்தது, அதிகப்படியாகப் பேசிவிட்டோமோ என்று. அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை திருகிய கம்பி கொஞ்சம் கோணல்தான். பழைய ஓட்டைகள் பிடிக்கவில்லை, ஆல்ரவுண்டர் புதிதாக நான்கு போட்டார். அவர் போனதும் மாமனார் உள்ளே போனார். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறை சத்தம் நின்றபோதும் நான் கதவுப் பக்கம் பார்த்தேன். வெளியே வந்தபோது தலை ஈரமாக இருந்தது, கழுத்தில் பவுடர் இருந்தது. நான் காபி கொடுத்தேன். அதை ஆற்றிக்கொண்டே, நான் கேட்காமலேயே பேசினார்.

“பஸ் ஓட்டின காலம் பூரா, கம்பியைப் பிடிச்சு நில்லுங்க, கம்பியைப் பிடிச்சு நில்லுங்கன்னு கத்திட்டே இருந்தவன்மா நான். இப்ப எனக்கே கம்பி வேணும்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு.”

“எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன மாமா?”

“உன் புருஷனை நான் குளிப்பாட்டி விட்டிருக்கேன். அவன்கிட்ட போய், எனக்குக் குளிக்கப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?” காபியை ஒரு வாய் குடித்தார். “இங்க இருக்கிற ஒத்தக் கம்பியும் இப்பல்லாம் எனக்குப் போதலை. அந்த இல்லத்துல குளிக்கிற எடத்துல மூணு பக்கமும் கம்பி வச்சிருக்காங்கம்மா. உள்ள நுழைஞ்சதும் அதைத்தான் பார்த்தேன். வேற எதையும் பார்க்கலை. அப்பவே ரூம் சொல்லிட்டேன்.”

நான் டம்ளரை வாங்கிக்கொள்ள மறந்து நின்றேன். வீட்டின் மேல் பிரியம் என்று நினைத்தோம். என் மேல் வெறுப்பு என்று நினைத்தேன். மகன் மேல் வருத்தம் என்று மகன் நினைத்தார். பொழுது சாய்ந்தால் செருப்பைத் தேடினாரே, அது கட்டிலுக்காக இல்லை. மறுநாள் காலை குளிக்க வேண்டுமே, அதற்காக. எங்கள் குளியலறையில் தரையிலிருந்து கூரைவரை பளிங்குபோல டைல்ஸ். துண்டு மாட்டக்கூட ஓர் ஆணி கிடையாது. ஓட்டை போட்டால் நாளைக்கு விற்கும்போது விலை குறையும் என்று ஆணியே அடிக்கவிடாதவள் நான்தான். ஊரார் வீட்டையெல்லாம் வாங்க வருகிறவர் கண்ணால் பார்க்கிறேன். என் வீட்டை ஒருநாள்கூட இவர் கண்ணால் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் எங்கள் குளியலறை விளக்கைப் போட்டு, வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தவர்கள் கோணல் கம்பியைப் பார்த்தார்கள். தரகர் என்னை முறைத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீடு விற்கும், விற்காமலா போகும்? எலுமிச்சம்பழங்கள் அழுகப் போவதில்லை, இருக்கட்டும்.

எங்கள் வீட்டுக்கு ஆல்ரவுண்டரை வரச் சொன்னபோது, கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கினார். “நல்ல டைல்ஸ் மேடம். விக்கிறப்ப இது அடிபடுமே?” என்று என் பாடத்தையே எனக்கு ஒப்பித்தார். போடுங்கள் என்றேன். முதல் ஓட்டையிலேயே ஒரு டைல் குறுக்காக விரிசல் விட்டது. அதை மாற்றச் சொல்லவில்லை. மூன்று பக்கமும் கம்பி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். சாப்பிட்டார், பேப்பர் படித்தார். நாங்கள் இரண்டு பேருமே கம்பியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இல்லத்து அறையை என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்தது. அவர் எழுந்தார். செருப்பைத் தேடப் போகிறார் என்று கணவர் தலை குனிந்துகொண்டார். கை கழுவக் குளியலறைப் பக்கம்தான் போனார்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், வண்டி எடுக்குமுன் பிரேக்கைச் சோதிக்கிற மாதிரி. பிறகு விரிசல் விட்ட டைலை விரலால் தடவினார். நான் நிற்பதைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“காலையில குளிக்கறதுக்கு,” என்றார், “துண்டு ஏதாவது இருக்குமாம்மா?”