சம்பந்திக்கு ஒரு போர்வை

பாத்திரக்கடைக்காரருக்குக் கடைவீதி வைத்திருந்த பெயர் பாதிவிலையார். சொன்ன விலையைக் கொடுத்து எதையும் வாங்கியதில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினால், "ரெண்டரை நாள்ல முடிச்சுக் குடுங்க" என்பார். காய்ச்சலும் அவரோடு மல்லுக்கட்ட முடியாமல் பாதியிலேயே போய்விடும் என்று பேச்சு.

அப்பேர்ப்பட்டவரையும் ஒரே ஒரு ஆள் தலைகுனிய வைத்திருந்தார். மகளின் மாமனார், டைல்ஸ் வியாபாரி. போன வெயில்காலத்தில் விருந்துக்கு வந்தவர், உட்கார்ந்த பத்தாவது நிமிடம் சட்டையின் மேல் பட்டன் இரண்டையும் கழற்றிவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "என்ன சம்பந்தி, இட்லிப் பானைக்குள்ள உக்கார வச்ச மாதிரி இருக்கு? பாத்திரக்கடைன்னா வீடும் பாத்திரமாத்தான் இருக்கணுமா?" என்றார். கூடமே சிரித்தது. பெற்ற மகளும் சிரித்தாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வெயில் ஏறிவிட்டால் காற்றைப் பிழிந்து வாளியில் பிடிக்கலாம். கதவு உப்பிக்கொண்டு மூடாது. பீரோவில் தொங்கும் பெல்ட்டில் பூசணம் பூக்கும். ஏசி ஓடும்தான். ஓடி ஓடி, ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த நாற்றத்தை வீடு முழுக்கப் பரப்பும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சம்பந்தி மறுபடி வருகிறார். பாதிவிலையார் மனைவியிடம் சபதமே போட்டுவிட்டார்.

"இந்தத் தடவை அந்த மனுஷன் என்கிட்ட போர்வை கேக்கணும். வாயைத் திறந்து கேக்கணும்."

"சாப்பிட வர்றவருக்குப் போர்வை எதுக்குங்க?"

"குளிரணும்டி!"

சனிக்கிழமை காலை மெக்கானிக் வந்தார். காது மயிர் நரைத்த ஆள். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"அஞ்சு வேலை இருக்குண்ணே. பில்டரைக் கழுவணும். உள்ள இருக்கற காயிலுக்குப் பம்ப் வச்சு தண்ணி அடிக்கணும். கீழ தண்ணி சேர்ற தட்டையும் அது வெளிய போற பைப்பையும் ஊதி அடைப்பு எடுக்கணும். மாடில இருக்கற வெளி மெஷின்ல உப்பு அப்பிக் கிடக்கு, அதைக் கழுவணும். அப்புறம் கேஸ் பாக்கணும்."

சொல்லிவிட்டு ஒரு விலையும் சொன்னார்.

பாதிவிலையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அது அவருடைய முதல் ஆயுதம். "தம்பி, நான் புது ஏசி விலை கேக்கல" என்றார். அது இரண்டாவது. மூன்றாவது, கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடப்பது. கடைக்காரன் பின்னாலேயே ஓடிவந்து கூப்பிடுவான். பழக்க தோஷத்தில் நடந்தேவிட்டார். வாசல் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்த பிறகுதான், தான் வெளிநடப்புச் செய்தது சொந்த வீட்டிலிருந்து என்பது உறைத்தது. யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு, தானாகவே திரும்பி வந்தார்.

"முடிவாச் சொல்றேன். பாதி."

"சரிண்ணே. பாதி."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். பாதிவிலையாருக்கு மூக்கில் வியர்த்தது.

"பாதிக் காசுக்குப் பாதி வேலை. எது வேணும், எது வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க."

இவ்வளவுதானே! பாதிவிலையார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பில்டரை என் வீட்டுக்காரி கழுவிக்குவா."

"வீட்டுக்காரிக்கும் பாதி ரேட்டா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"வெளி மெஷின் மாடில தானே இருக்கு? மழை வந்தா அதுவே கழுவிட்டுப் போகுது. காயிலைக் கழுவு, கேஸைப் பாரு. குளிர்ச்சி அதுலதானே இருக்கு? பைப்பைத் தொடாதே. தண்ணிக்குக் கீழ போற வழியை நாமளா சொல்லித்தரணும்?"

"தண்ணிக்கு வழி தெரியும்ணே. காயிலைக் கழுவுனா ஒரு வருஷத்து அழுக்கும் அந்தத் தட்டுலதான் வந்து விழும். பைப் அடைச்சுக்கும். அப்புறம் எந்தப் பக்கம் கீழன்னு தண்ணியே முடிவு பண்ணிக்கும். காயிலும் பைப்பும் ஒண்ணாச் செய்யணும். இல்ல ரெண்டையும் விட்டுடணும்."

பாதிவிலையார் புன்னகை செய்தார். இந்தப் பேச்சை அவர் எங்கே கேட்காதது? பானை வாங்க வந்தவரிடம், "மூடி இல்லாம வெறும் பானை எதுக்கும்மா, சாப்பாட்டுல பல்லி விழுந்துடும்" என்று முப்பது வருஷமாக மிரட்டி மூடி விற்கிறவர் அவர். ஊருக்கே பல்லி காட்டியவருக்கு ஒரு மெக்கானிக் பல்லி காட்டுவதா?

"என்கிட்டயேவா தம்பி?" என்று அவர் தோளில் தட்டினார். "சொன்னதை மட்டும் செய்."

மெக்கானிக் சொன்னதை மட்டும், குறை சொல்ல முடியாத சுத்தத்தோடு செய்துவிட்டுப் போனார்.

ஞாயிறு மதியம் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். கூடவே நாலு பெரிய பெட்டிகளும் இறங்கின.

"சாப்பாட்டுக்கு வர்றவங்களுக்கு எதுக்குங்க நாலு பெட்டி?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"நமக்குத்தான் ஏதாவது கொண்டு வந்திருப்பாங்க, பேசாம இரு."

சம்பந்திக்கு என்றே ஒரு நாற்காலி, ஏசிக்கு நேர் கீழே காத்திருந்தது. பாதிவிலையார் கையைப் பிடித்து உட்கார வைத்து, ரிமோட்டைப் பதினெட்டுக்கு இறக்கினார். ஏசி அருவி போல் குளிர்ந்தது. கால் மணி நேரத்தில் சம்பந்தி முழங்கையைத் தேய்த்தார். அரை மணியில் கழுத்துப் பட்டனைப் போட்டார்.

"என்ன சம்பந்தி, குளிருதோ? போர்வை கீர்வை..."

"சேச்சே! இதமா இருக்கு" என்றார் சம்பந்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. அவரும் வியாபாரிதான். விட்டுக்கொடுப்பாரா?

அப்போது அவர் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். அடுத்தது மூக்கில். மூன்றாவது என்று எண்ண ஒன்றும் இல்லை. ஒரு வருஷத்து அழுக்கைக் கரைத்துக் கறுத்த தண்ணீர், தட்டு தளும்பி மொத்தமாக இறங்கியது. வெள்ளைச் சட்டை, மீசை, மடியில் வைத்திருந்த பலகாரத் தட்டு, எதுவும் மிச்சமில்லை. பாதிவிலையார் வாய் பிளந்து நிற்க, ஏசி மட்டும் பதினெட்டிலேயே உறுதியாக நின்று நனைந்த மனிதர் மேல் விசிறியது. மகள் இந்த முறையும் சிரித்தாள்.

"ச... சம்பந்தி," என்றார் சம்பந்தி, தாடை தந்தியடிக்க, "ஒரு போ... போர்வை இருந்தாக் குடுங்க."

"வாயைத் திறந்து கேட்டுட்டார்ங்க," என்றாள் மனைவி. "எடுத்துக் குடுங்க."

போர்வைக்குள் புதைந்து சற்றே தெளிந்ததும் சம்பந்தி கேட்டார்: "சர்வீஸ் பண்ணீங்களா? எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

அந்த நிலையிலும் பாதிவிலையாரால் அடக்க முடியவில்லை. "சொன்னதுல பாதி."

"பாதியா?" சம்பந்தி முகத்தில் ஒரு இளக்காரம். "நான் கால்வாசிக்கு முடிச்சேன்."

"அதனாலதான் மாமா," என்றார் மாப்பிள்ளை, "எங்க வீட்ல மூணு ஏசியும் படுத்துடுச்சு. மூணு நாளாத் தூக்கம் இல்ல. மெக்கானிக் எங்க போனையே எடுக்க மாட்டேங்கறாரு. ஒரு வாரம் இங்க இருந்துட்டுப் போலாம்னு..."

எல்லார் கண்களும் நாலு பெட்டிகளின் மேல் போய் நின்றன.

மனைவி எழுந்தாள். ஏசியை அணைத்தாள், கீழே வாளியை வைத்தாள், போனை எடுத்தாள். "அண்ணே, நேத்து வந்தீங்களே, அந்த வீடுதான். அஞ்சு வேலையும் செய்யணும். இப்பவே வாங்க. நீங்க சொன்ன விலையே குடுத்துடறேன்."

சொன்ன விலையே! தன் வீட்டுக்குள், தன் காது கேட்க! பாதிவிலையார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், ஆதரவாக ஒரு முகமாவது கிடைக்காதா என்று.

போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது.

"தங்கச்சி, அவசரப்படாதம்மா," என்றார் சம்பந்தி. "நேத்தே கொஞ்சம் வேலை முடிஞ்சதுல்ல? முக்காலுக்குக் கேட்டுப் பாரு."

மகளைக் கட்டிக்கொடுத்து ஆறு வருஷத்தில், பாதிவிலையார் அன்றுதான் சம்பந்தியை வாஞ்சையோடு பார்த்தார்.