ஓரடிக்கு ஒரு ரிங்

பெரிய விஞ்ஞானி மாதிரி பேசித் திரிந்தவன் நான். தூணின் அளவு, சிமெண்டு கலவை, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளி எல்லாம் கொடுத்தால், அது எத்தனை டன் தாங்கும் என்று சொல்லும் ஒரு கணினி மாடல். கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் நாலு வருடமாக என் ஆராய்ச்சி இதுதான். தூண் வார்ப்போம், நசுக்கி உடைப்போம், வந்த எண்களைக் கொடுத்து மாடலைப் பழக்குவோம்.

வார்த்த தூண்களில் சாக்கைச் சுற்றி இருபத்தெட்டு நாள் தண்ணீர் ஊற்றுவது கனகம் அக்காவின் வேலை. போன கோடையில் மூன்று தூண்கள், அறுபது டன் தாங்க வேண்டியவை, ஐம்பதைத் தொடுவதற்குள் உடைந்தன. என் வழிகாட்டி சாய்ப்ரியா மேடம் காரணம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "தண்ணி சரியா ஊத்தலைங்க மேடம்" என்றேன். அந்த மூன்றையும் தரவுகளிலிருந்து நீக்கினேன். அடுத்த வாரம் கனகம் அக்காவை விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போட்டுவிட்டார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிய என் கட்டுரையை மதிப்பிடப் படித்த ஒருவர், அந்த மூன்றை நீக்கியதற்கு ஆதாரம் கேட்டு எழுதினார். எரிச்சலோடு ஆய்வகத்துக்குப் பின்னால் போனேன். உடைந்த தூண்கள் அங்கேதான் கிடந்தன. காங்கிரீட் பெயர்ந்த இடத்தில் டேப்பை வைத்தேன். ஓரடிக்கு ஒரு ரிங். அரையடிக்கு ஒன்று இருந்திருக்க வேண்டும்.

கம்பி கட்டிய அன்று நான் தாராபுரத்தில் இருந்தேன். என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் நடக்குமா? கம்பி கட்டும் மதன்குமார் போனில் இடைவெளி கேட்டார். மடியில் குழந்தை வீறிட்டது. "போன தடவை மாதிரியே கட்டிருங்க" என்றேன். போன தடவை ஓரடி. இந்தத் தடவைதான் அரையடி என்று நானே மாற்றியிருந்தேன். வார்ப்பதற்கு முன் அளந்து பார்த்ததாகப் பதிவேட்டில் என் கையெழுத்து வேறு.

மாடலில் அரையடியை அழித்து ஓரடி என்று போட்டேன். நாற்பத்தொன்பது டன் என்றது. தூண்கள் உடைந்ததும் அதையொட்டித்தான். நான் பழக்கிய மாடலே கனகம் அக்காவின் பக்கம் பேசியது.

தப்பு என்னுடையது என்று மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டு விடுதிக்குப் போனேன்.

"ஏனுங்க சார், இந்தப் பக்கம்?" என்றார் கனகம் அக்கா.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வகத்துக்கே திரும்ப வரலாம் என்று மேடம் சொன்னதையும் சொன்னேன். அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அப்ப நான் ஊத்துன தண்ணி பத்துச்சுங்களா?"

"பத்துச்சுங்கக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

"எந்த நாள் உட்டுப்போட்டனோன்னு நெனச்சு நெனச்சுப் பாத்துட்டே இருந்தனுங்க." ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "ஆவணியில எங்கூட்டுல மாடி எடுக்கத் தூண் போட்டாங்க. காலேஜுலயே தூணைக் கெடுத்துப்போட்டீங்கன்னு மருமவ என்னையத் தண்ணி ஊத்தக் கொடத்தைத் தொடவே உடலீங்க. படிச்ச சார் சொன்னது தப்பா இருக்குமான்னு நானும் ஒதுங்கிட்டனுங்க."

மேடத்திடம் எழுதிக் கொடுத்ததன் நகலை அவரிடம் நீட்டினேன்.

"மேடத்துகிட்டச் சொன்னது இருக்கட்டுமுங்க. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க சார்."

மருமகளின் எண்ணை அழுத்திப் போனை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் மணி அடித்தது.

"சொல்லுங்கத்தை" என்றது ஒரு குரல்.

"நான் காலேஜுல இருந்து மிதுன் பேசறனுங்க" என்றேன். "அந்தத் தூணையெல்லாம் கெடுத்தவன்."