அந்தம்மா இன்னும் இறக்கச் சொல்லவில்லை

மைசூர் பண்டிபாளையத்து அரிசிக் கிடங்கில் இருபத்தெட்டு வருடமாக மூட்டை தூக்குகிறான் கரியப்பன். சொந்த ஊரான ஹனூரிலிருந்து வந்தபோது நிமிர்ந்து நடந்தவன். இப்போது வெறும் ஆளாக நடந்தாலும் முதுகில் ஏதோ இருக்கிற மாதிரி முன்னால் சாய்ந்துதான் நடப்பான். சட்டையில் குத்தியிருக்கும் பித்தளை வில்லைதான் அவன் பிழைப்பு. அது இல்லாதவன் கிடங்கு வாசலைத் தாண்ட முடியாது.

புதிதாக வந்த மேனேஜர் ஸ்ரீஹர்ஷாவுக்கு ஓட்டப் பைத்தியம். காலையில் சாமுண்டி மலைக்கு சைக்கிள், சாயங்காலம் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி ஓட்டம். இரண்டுக்கும் தலையில் ஒயர் இல்லாத ஹெட்போன் உண்டு. காதுக்குள் போகாமல் கன்னத்து எலும்பில் ஒட்டிக்கொண்டு பேசுகிற ரகம். பின்னால் வரும் லாரியும் கேட்கும் என்று அதைப் பற்றி அவர் பேசாத நாள் கிடையாது. ஐம்பது வயது தாண்டிய லோடுமேன் உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று கம்பெனி தெரிந்துகொள்ள வேண்டாமா என்றார். ஐம்பது தாண்டியவன் கரியப்பன் ஒருவன்தான். அவன் வில்லையைக் கழற்றி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஐந்து கிலோமீட்டர் ஓடிக் காட்டினால் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் ஹனூர் பஸ் ஏறிக்கொள்ளலாம்.

மறுநாள் ஆறு மணிக்கு நஞ்சன்கூடு ரோட்டில் கரியப்பனை ஓடவிட்டார்கள். பத்தடி போனவன் கால் பின்னிச் சாக்கடை ஓரத்தில் விழுந்தான். சும்மா ஓடி அவன் உடம்புக்குப் பழக்கமில்லை. ஒரு இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் கொடுத்தால் நேராக ஓடுவேன் என்றான். கொடுத்தார்கள். ஓடிய தூரத்தை எண்ணிச் சொல்ல மேனேஜர் தன் ஹெட்போனையும் கொடுத்தார். ஆனால் அதன் பட்டை உட்காரும் பிடரியில்தான் மூட்டையும் உட்கார வேண்டும். கடைசியில் பட்டையை முகவாய்க்குக் கீழே கொண்டுவந்து, பல்வலிக்காரன் கட்டுப்போட்ட மாதிரி மாட்டிக்கொண்டான். அவனிடம் இருந்தது பட்டன் போன், அதில் இந்தக் கூத்தெல்லாம் ஏறாது. ஆகவே மேனேஜரின் போன் மேனேஜரின் சட்டைப் பையிலேயே இருக்கும், அவர் சைக்கிளில் கூடவே வருவார், அதிலிருக்கும் பெண்குரல் ஒவ்வொரு கிலோமீட்டரையும் கரியப்பனின் எலும்பில் எண்ணிச் சொல்லி, ஐந்து முடிந்ததும் கம்ப்ளீட் என்னும் என்று ஏற்பாடு.

கிடங்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேஸ்திரி சொன்னால் மூட்டை ஏறும், மேஸ்திரி சொன்னால்தான் இறங்கும். முன்னொரு காலத்தில் ஒருவன் லாரிக்கு ஏறும் பலகையின் நடுவில் தானாக மூட்டையை இறக்கியதில், பின்னால் வந்தவனின் இடுப்பு ஒடிந்துபோனது. அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாட்டை மீறியவனுக்குக் கூட்டத்தில் இடமில்லை. மேஸ்திரி லிங்கப்பன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இன்னைக்கு எங்கொரலு இல்லடா. அந்தம்மா கொரலு. கம்ப்ளீட்டுங்கும், அப்பத்தான் எறக்கோணும்."

கரியப்பன் ஓடினான். அந்தம்மா ஒன்று என்றாள், இரண்டு என்றாள். மூன்றாவதில் ஸ்ரீஹர்ஷா கரும்புக் காட்டோரம் சைக்கிளை நிறுத்தித் தன்னைத் தானே போட்டோ எடுத்துக்கொண்டார். போன் பின்தங்கியதும் எலும்பில் பேச்சு நின்றுவிட்டது. மேஸ்திரிகள் நடுவில் வெற்றிலை போட்டுப் பேச்சை நிறுத்துவதில்லையா, அப்படித்தான் இருக்கும் என்று கரியப்பன் போய்க்கொண்டே இருந்தான். ஸ்ரீஹர்ஷா துரத்தினார், விரல் தடிமன் டயரில் கருவேல முள் ஏறியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு மைல் ஓடியதில் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. லிங்கப்பனுக்குப் போன் போட்டு லக்கேஜ் ஆட்டோ வரவழைத்தார்.

கிடங்கிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, கடகோளா தாண்டித்தான் பிடித்தார்கள். கரியப்பன் அதே சாய்வில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தான். லிங்கப்பன் ஆட்டோவிலிருந்தபடியே மூட்டையை இறக்கச் சொல்லிக் கத்தினார். கரியப்பன் திரும்பவில்லை.

"ஏனுங்க மேஸ்திரி, காலைல எல்லார்த்து முன்னாலயும் கொரல அந்தம்மாகிட்ட குடுத்துப்போட்டு இப்ப நீங்க சொன்னா எப்புடிங்க?"

"பேடா, வேண்டாம் கரியப்பா, நிறுத்துங்கோ, நான்தானே மேனேஜர்" என்றார் ஸ்ரீஹர்ஷா.

"நீங்க மேனேஜருங்க சாமி. கொரலு அவியளுதுங்க."

வேறு வழியில்லாமல் ஸ்ரீஹர்ஷா அந்தம்மாவைக் கம்ப்ளீட் சொல்லவைக்கப் போனை எடுத்து எதையோ அழுத்தினார். ஆட்டோவில் வந்ததைக் கண்டுகொண்ட போன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தம்மா இங்கிலீஷில் ஏதோ பேசி, கடைசியில் கேன்சல் என்றாள்.

கரியப்பன் நின்றான். ஆட்டோவும் நின்றது. அப்பாடா என்று ஸ்ரீஹர்ஷா மூச்சு விடுவதற்குள் கரியப்பன் வந்த வழியே திரும்பி ஓட ஆரம்பித்தான்.

லிங்கப்பன் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். "லோடு கேன்சலுன்னா மூட்டைய எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வெக்கோணுமுங்க, சாமி. அவன் சரியாத்தான் பண்றான்."

எட்டு கிலோமீட்டரும் ஆட்டோ அவன் பின்னாலேயே ஊர்ந்தது. நஞ்சன்கூடு பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்கள். கிடங்குக்குள் நுழைந்து, எட்டாவது வரிசையில் தான் எடுத்த பள்ளத்திலேயே சிப்பத்தை வைத்துவிட்டு, கரியப்பன் முகவாய்ப் பட்டையைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஸ்ரீஹர்ஷா ஆட்டோவிலேயே கிடந்தார்.

"கேன்சலுன்னா இன்னும் ஓடலீன்னு கணக்குங்களா? மறுக்கா எப்பங்க ஓடறது?"

ஸ்ரீஹர்ஷா பையைத் துழாவி வில்லையை எடுத்து நீட்டினார். கரியப்பன் அதைச் சட்டையில் குத்தி, ஊக்கு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

மேனேஜரால் காலை ஊன்ற முடியவில்லை. கரியப்பன் குனிந்து அவரை முதுகில் வாங்கி ஆபீஸ் அறைவரை கொண்டுபோனான். நாற்காலிக்கு முன்னால் போய் நின்றவன் அவரை இறக்காமல் அப்படியே நின்றான். முதுகிலிருந்த ஸ்ரீஹர்ஷாவுக்கு மெதுவாகப் புரிந்தது.

"கம்ப்ளீட்" என்றார்.

கரியப்பன் திரும்பி, பின்னாலேயே வந்திருந்த மேஸ்திரி லிங்கப்பனைப் பார்த்தான். லிங்கப்பன் அப்போதுதான் வெற்றிலையை வாயில் போட்டிருந்தார்.